மூன்று குறும்படங்களும் ஒரு வண்டிச் சாவியும்

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' என்பது 93-ஆம் அதிகாரம். பத்துக் குறள்களில் கடைசி இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். குடித்திருப்பவனிடம் நியாயம் எடுத்துச் சொல்வது, நீருக்குள் மூழ்கிப்போனவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது என்கிறது ஒன்று. தான் குடிக்காமல் இருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனின் கோலத்தைப் பார்க்கிறவன், நாமும் குடித்தால் இப்படித்தானே இருப்போம் என்று யோசிக்க மாட்டானா என்று கேட்கிறது அடுத்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றி இன்று உலகமெங்கும் எடுக்கப்படும் குறும்படங்களின் அடிப்படையே விளங்கிவிடும். குடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. குடிக்காத நேரத்தில் கண்ணால் காட்டு. அவ்வளவுதான் விஷயம். எப்படிக் காட்டுவது என்பதில்தான் படத்துக்குப் படம் வேறுபாடு. மூன்று படங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பயம், துக்கம், இழப்பு

முதலாவது 'சிக்னல் 30'. 1959-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எடுக்கப்பட்டது. அங்குள்ள போலீசார் உயிரிழப்பு நேர்ந்த சாலை விபத்தைக் குறிக்கப் பயன்படுத்திய சங்கேதச் சொல்தான் படத்தின் பெயர். நடிகர்கள் இல்லை, உண்மையான விபத்துகளில் உண்மையாகவே நசுங்கிய வண்டிகளும் மனிதர்களும். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இப்படத்தை, வண்டி ஓட்டக் கற்கும் பள்ளி மாணவர்களுக்கு அங்கே பல ஆண்டுகள் போட்டுக் காட்டினார்கள். குடி மட்டுமல்ல, சாலை விபத்து முழுவதும் இதன் பொருள். பார்த்த பிள்ளைகளில் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் படத்தால் என்ன பாடம் ஏறும்? 'இது யாருக்கோ நடந்தது, நமக்கு நடக்காது' என்று மனசு தானே ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறது. பயத்தின் குறை இது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் போக்குவரத்து விபத்து ஆணையம் 1989 டிசம்பரில் வெளியிட்ட 'கேர்ள்பிரண்ட்' எனும் ஒரு நிமிடப் படம். மோதல் நடந்த இடத்துக்குப் படம் நம்மை அழைத்துப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. குடித்துவிட்டு ஓட்டியவன் பிழைத்து நிற்கிறான். அவனுடன் வந்த பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். அவளுடைய பெற்றோர் வருகிறார்கள். தாய் அவனைப் பார்த்துக் கதறுகிறாள். நிஜமான செவிலியர் ஒருவரின் குரல் நடப்பதைச் சொல்கிறது. இங்கே நம்மை உலுக்குவது, இனி இந்தத் தாயின் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான் என்ற கேள்வி. நம் ஊரில் 'நான் செத்தா செத்துட்டுப் போறேன்' என்று வீரம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்கிற படம் இது. சாகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறது.

மூன்றாவது, பிரிட்டன் அரசு 2007-இல் வெளியிட்ட 'மொமெண்ட் ஆஃப் டவுட்'. தயக்கத்தின் ஒரு கணம் என்று சொல்லலாம். மதுக்கடையில் இன்னொரு கோப்பை வாங்கலாமா என்று ஒருவன் யோசிக்கிறான். ஊற்றித் தருகிற பணியாளே திடீரென்று போலீஸ்காரராகவும், வேலையை விட்டு நீக்கும் முதலாளியாகவும், இன்னும் பலராகவும் மாறி மாறிப் பேசுகிறார். ரத்தமும் இல்லை, பிணமும் இல்லை. லைசென்ஸ் போகும், வேலை போகும், வீட்டில் மரியாதை போகும் என்ற கணக்குதான். சாவைப் பற்றிய பயம் இளைஞனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பிழைப்பு போய்விடும் என்ற பயமோ பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு, படம் பிடித்திருப்பது குடித்த பிறகு வரும் நேரத்தை அல்ல, குடிப்பதற்கு முன்னால் உள்ள நேரத்தை. வள்ளுவர் சொன்ன இடத்துக்கு மூன்றில் மிக நெருக்கமாக வருவது இதுதான்.

படம் காட்டாத கணக்கு

நாம் பெரும்பாலோர் கடைகண்ணி வைத்துப் பிழைக்க வந்தவர்கள். தராசில் ஏற்றினால்தான் நம்புவோம். இந்தப் படங்கள் எதுவும் முழுசாகச் சொல்லாத கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம்.

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-இன்படி, வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 'குவார்ட்டர்' என்கிறோமே, அந்த 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் அதைக் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 140 மில்லிகிராம் அளவுக்கு ஏறிவிடும். சட்ட அளவைப் போல் நாலரை மடங்கு. 'பீர்தானே சார்' என்பார்கள். ஐந்து சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றே அவரை 60 மில்லிகிராமுக்கு ஏற்றும். அதுவும் இரண்டு மடங்கு. பெண்களுக்கும் ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் இன்னும் கூடுதலாக ஏறும்.

ஏறுவது வேகம்; இறங்குவது நிதானம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலைக்கு ஜலம் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கம் தெளியும், போதை குறையாது. இரவு 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர், காலை 6 மணிக்குக் கடை திறக்க ஸ்கூட்டர் எடுத்தால், அப்போதும் அவர் ரத்தத்தில் 35 மில்லிகிராம் பக்கம் இருக்கும். 'நேத்து ராத்திரி சமாச்சாரம்' என்று அவர் நினைத்துக்கொள்வார். ரத்தத்துக்கு நேற்று இன்று தெரியாது.

தூரக் கணக்கையும் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஒரு பிள்ளை ஓடி வந்தால், கண் பார்த்து, மூளை அறிந்து, கை பிரேக்கைப் பிடிக்கத் தெளிந்தவனுக்கே ஒரு வினாடி பிடிக்கும். மது அதில் அரை வினாடி தாமதம் சேர்த்தால், பிரேக் பிடிப்பதற்கு முன்னாலேயே ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். அந்த ஐந்தரை மீட்டருக்குள்தான் பிள்ளை நிற்கிறது.

சமண நூல் ஒன்றின் நினைவு

அடியேன் பிறந்த தமிழ்ச் சமண மரபிலிருந்து இரண்டு கருத்துகளைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். பொருளோடு ஒட்டியவை என்பதால் சொல்கிறேன். உமாசுவாமி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்கிறது. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்குக் கேடு செய்வது ஹிம்சை என்பது அதன் கருத்து. இன்றைக்கு நாம் 'பிரமாதம்' என்றால் 'ஜோர்' என்று பொருள் கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு விழிப்பின்மை, கவனம் தவறுதல் என்று பொருள். ஆகவே 'நான் வேணும்னு செய்யல சார், கை தவறிடுச்சு' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. விழிப்பைத் தானே விலை கொடுத்துத் தொலைத்துவிட்டு, தெரியாமல் நடந்தது என்று ஒருவன் சொல்ல முடியாது.

மற்றொன்று ஈரியா சமிதி. முனிவர்கள் நடக்கும்போது முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்துப் பார்த்து, ஓர் எறும்பும் மிதிபடாமல் நடக்க வேண்டும் என்ற ஒழுக்கம். நடக்கிறவருக்கு நான்கு முழம் போதும். மோட்டார் ஓட்டுகிறவருக்கு நாற்பது முழமும் போதாது. வேகம் கூடினால் விழிப்பும் கூட வேண்டும் என்பதே அதன் சாரம். நாமோ வேகத்தைக் கூட்டி விழிப்பைக் குறைக்கிறோம்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

2019-இல் திருத்தப்பட்ட பின், பிரிவு 185-இல் முதல் முறை அகப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது பலருக்குத் தெரியும். பிரிவு 188 தெரியுமா? இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. குடித்தவர் என்று தெரிந்தே சாவியைக் கையில் கொடுத்து 'பாத்துப் போப்பா' என்று வழியனுப்புகிற நாமும் யோசிக்க வேண்டிய இடம் இது.

காப்பீடும் கைகொடுக்காது. குடித்து ஓட்டியதால் சொந்த வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு நஷ்டஈடு இல்லை என்பது பாலிசி நிபந்தனையிலேயே உள்ளது. மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ நடக்கவில்லை என்பதை மட்டும் காட்டி உரிமையாளர் தப்பித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று அதே நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்ததும் நினைவிருக்கும். தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது, நமக்குப் பெருமை. ஆனால் 2017-இல் சிற்றூர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைக்குள் விலக்கும் கிடைத்தது. கடையை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும், பாட்டில் ஸ்கூட்டர் டிக்கியில் ஏறி மண்டப வாசலுக்கே வந்துவிடுகிறதே!

படம் மட்டும் போதுமா?

விக்டோரியாவில் 1989-இல் சாலையில் மாண்டவர்கள் 776 பேர். 1992-இல் அது 396 ஆகக் குறைந்தது. ஒரு நிமிடப் படமா இதைச் சாதித்தது? படம் மட்டும் அல்ல. அதே காலத்தில் சோதனைக் கருவி ஏற்றிய பேருந்துகளைச் சாலையில் நிறுத்தி, சந்தேகம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் மறித்து ஊதச் சொன்னார்கள். வேகத்தைப் பிடிக்கும் காமிராக்களும் வந்தன. படம் மனசைத் தயார் செய்தது. சோதனை அதை நிலைநிறுத்தியது. நாளைக்கு நம்மையும் மறிப்பார்கள் என்ற நிச்சயம் இல்லாவிட்டால், படத்தின் பயம் ஒரு வாரத்தில் ஆறிப்போகும்.

அமெரிக்காவில் 1988-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கண்டார்கள். தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர்களைச் சந்தித்து, 'இன்னிக்கு வண்டி ஓட்டப்போறவன் நான், எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் பாத்திரங்களைக் கதைக்குள் கொண்டுவரச் செய்தார்கள். உபதேசம் இல்லை, விபத்து இல்லை. கூட்டத்தில் ஒருவன் குடிக்காமல் இருப்பது இயல்பு என்று காட்டினார்கள். அந்தப் பழக்கம் ஊருக்குள் வேர்விட்டது.

நம் லம்பா லைனுக்கு

இனி நம் இடத்துக்கு வருவோம். இந்தியில் லம்பா என்றால் நீளம். பெயர் அப்படி இருந்தாலும், ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) சாலைகள் மேடும் பள்ளமும் வளைவுமாக இருப்பவை. ஆண்டில் பாதிக்கு மேல் மழை. இந்திய நேரத்தில் நம் தீவுகளுக்குக் கிழக்குக் கோடி. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் பொழுதோடு முடிகிற வரவேற்பு, இங்கே தொடங்கும்போதே கும்மிருட்டு. ஈரச் சாலை, இருட்டு, இறக்கம், இரண்டு சக்கரம் ஆகிய நான்கும் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்தாவதாக மதுவையும் நாமே சேர்க்க வேண்டுமா?

தலையில் பலத்த அடி என்றால், மேல் சிகிச்சைக்குச் சென்னை போகலாம் என்று பேச்செடுப்போம். சென்னை கடலுக்கு அப்பால் 1300 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் மூன்று நாள். விமானம் இரவில் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஊரில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் ஓடி வருவார்கள். இங்கே ஓடி வரப்போவது இந்தச் சங்கத்தில் கூடியிருக்கும் நாம்தான்.

ஆகவே நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே ஒரு குறும்படம் எடுக்கட்டும். ரத்தம் வேண்டாம், நொறுங்கிய வண்டி வேண்டாம். மண்டப வாசலில் ஐந்து நிமிடம் காட்டினால் போதும். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலில் நின்று, வருகிற இளைஞர்களிடம் சாவியை வாங்கி, பெயர் எழுதிய சீட்டோடு தாம்பாளத்தில் வைக்கிறார். சந்தனம், கற்கண்டு தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாம்பாளம். 'என்ன மாமா இது?' 'போறப்போ வாங்கிக்கோ. முகத்தைப் பாத்துத் தருவேன்.' சிரித்துக்கொண்டே எல்லோரும் கொடுக்கிறார்கள். விருந்து முடிகிறது. இரண்டு சாவிகள் தட்டிலேயே கிடக்கின்றன. அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ புறப்படுகிறது.

வரும்போதே வாங்கிவிடுவதுதான் இதில் சூட்சுமம். குடித்த பிறகு கேட்டால் சண்டை வரும். 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்பான். நீருக்குள் தீப்பந்தம் எரியாது. தெளிவாக இருக்கும்போது கேட்டால், அவனே தருவான். முதலில் வாங்குவதால் யாருக்கும் அவமானமும் இல்லை. குடிக்கிறவர், குடிக்காதவர் என்று பிரிக்காமல் எல்லோரிடமும் வாங்குகிறோம்.

நம் வீடுகளில் நடக்கும் அடுத்த விசேஷத்துக்குச் சமையலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, இரண்டு ஆட்டோவுக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். கைநீட்டிச் சாவி கேட்கக் கூச்சப்படாத பெரியவர் ஒருவரையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். மொய் எழுத ஆள் போடுகிறோம் அல்லவா, அது போல இதுவும் ஒரு பொறுப்பு என்று ஆகிவிட்டால், படம் எடுக்கத் தேவையே இல்லாமல் போகும்.