உங்களுக்குத் தெரியுமா? இன்ஜின் ஓடும், விசிறி சுழலாது!

2023-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஏடிஆர் 72-600 ஒரு கூடுதல் விமானமாக வந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனவர்கள் ஏறியிருக்கக்கூடிய அதே ரக டர்போபிராப்தான். ஜெட் ஓட்டிப் பழகிய கை, காக்பிட்டில் உட்கார்ந்ததும் ‘ஏபியு’ சுவிட்சைத் தேடும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தரும் அந்தக் குட்டி இன்ஜின் ஏடிஆரில் கிடையாது! வலது இன்ஜினே அந்த வேலையையும் பார்க்கிறது. அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே டர்பைனை ஓடவிடுவார்கள். இதற்குப் பெயர் ‘ஹோட்டல் மோட்’. அந்த இன்ஜினுக்குள் அப்போது ஓடும் டர்பைனுக்கும் விசிறிக்கும் நேரடி அச்சிணைப்பு இல்லாததால்தான் இது சாத்தியம். சிமுலேட்டரிலும் ஹைட்ராலிக் அழுத்தம் வந்த பிறகே பிரேக்கை விடுவிக்க முடியும். வரிசை மாறினால் விசிறி அசையாது.

தரையிறங்கும்போது வேறு கூத்து. ஜெட் பழக்கத்தில் பவர் லீவரைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால், விசிறியின் ஆறு இலைகளும் காற்றை மறித்து நிற்க, வேகம் மளமளவென்று குறையும். விமானம் ஓடுபாதையில் ‘தொப்’பென்று விழும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மேலே போய்விட்டால் நிம்மதி: பவர் லீவரைக் குறித்த பள்ளத்திலேயே விட்டுவிட்டு, ஒரு குமிழைத் திருப்பினால் போதும், விசிறி 82 சதவீத வேகத்துக்கு இறங்கிவிடும்.