தாயின் பெயரால் ஓடும் சக்கரங்கள்

இறந்தோரை நினைவுகூர்தல் எல்லா இனத்தவருக்கும் பொதுவான பண்பாகும். நினைவுகூரும் முறையே இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. சிலர் கல் நாட்டுகின்றனர்; சிலர் விளக்கேற்றுகின்றனர்; சிலர் பசித்தோருக்கு அன்னமிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் முதல் வார இறுதியில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சைக்கிள்களில் ஏறிக் கடற்கரையை நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்களுட் பலர் புற்றுநோய்க்குத் தாயையோ தந்தையையோ துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள். அந்நோயிலிருந்து மீண்டவர்களும், இன்னும் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுங்கூட அவர்களிடையே உள்ளனர். 'பான் மாஸ் சலெஞ்' என அழைக்கப்படும் இப்பயணம், தாயை இழந்த ஓர் இளைஞனின் துயரிலிருந்து பிறந்ததாகும்.

36 பேரும் 10,200 டொலரும்

பில்லி ஸ்ரார் என்பவரின் தாயார் 1974ஆம் ஆண்டில் மெலனோமா எனும் தோற்புற்றுநோயினாற் காலமானார். அப்பொழுது மகன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1980இல், அவர் தம் நண்பர்களைத் திரட்டினார். ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்து கேப் கொட் முனையிலுள்ள புரொவின்ஸ்ரவுண் வரை சைக்கிளோடுவது என்றும், அதன் பெயராற் சேரும் பணத்தைப் பொஸ்ரன் நகரிலுள்ள புற்றுநோய் நிலையமொன்றுக்கு வழங்குவது என்றும் முடிவாயிற்று. அவ்வாண்டு புறப்பட்டோர் 36 பேர். சேர்ந்த தொகை 10,200 டொலர்.

2024ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் இப்பயணத்தின் மூலம் வழங்கப்பட்ட தொகை 75 மில்லியன் டொலராகும். அதனுடன், தொடக்கம் முதல் சேர்ந்த மொத்தத் தொகை ஆயிரம் மில்லியனைத் தாண்டியது. இத்தகைய வளர்ச்சியை இரக்க உணர்வு ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் நிற்கும் ஒழுங்குமுறையையும் நோக்க வேண்டும்.

முதலாவதாக, இது பந்தயமன்று. முன்னே வந்தவருக்குப் பரிசுமில்லை; பின்தங்கியவருக்கு இழிவுமில்லை. இரண்டாவதாக, பங்குபற்றும் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட ஒரு தொகையைத் திரட்டுவதாக முன்கூட்டியே வாக்களிக்கின்றனர். பலருக்கு அது பல ஆயிரம் டொலராகும். உறவினரிடமும் அயலவரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் கேட்டும் அத்தொகை நிறையாவிட்டால், எஞ்சியதைத் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்த வேண்டும். சொன்ன சொல்லுக்குப் பிணை நிற்பவர் சொன்னவரே. மூன்றாவதாக, ஓடுவோர் திரட்டும் பணம் 2007 முதல் ஒரு சதமும் குறையாது நூற்றுக்கு நூறு வீதம் மருத்துவ நிலையத்தைச் சென்றடைகின்றது. ஏற்பாட்டுச் செலவுகள் அனுசரணையாளர்களின் நிதியிலிருந்தும் பதிவுக் கட்டணங்களிலிருந்தும் ஈடுசெய்யப்படுகின்றன. வழியெங்கும் தண்ணீர் கொடுப்போரும் உணவு பரிமாறுவோரும் ஊதியம் பெறாத தொண்டர்களே.

ஒரு சிறுவனும் ஒரு மருந்தும்

இந்நிதி சென்று சேரும் டானா-பாபர் புற்றுநோய் நிலையத்தின் வரலாறு இன்னும் சுவையானது. வைத்தியர் சிட்னி பாபர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்தெரின் என்னும் மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தவர். 1948 யூன் மாதத்தில் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, கடும் நோயுற்றிருந்த 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களுக்கு மேல் வாழ்வது அரிது. மருந்தினால் அந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு இவ்வாராய்ச்சி வித்திட்டது.

அதே ஆண்டு மே மாதத்தில், பாபரிடம் சிகிச்சை பெற்றுவந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் குரல் அமெரிக்க வானொலியில் ஒலித்தது. அவனுடைய தனிவாழ்வைக் காக்கும்பொருட்டு 'ஜிம்மி' என்ற புனைபெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவனுக்கு என்ன நோய் என்பது நேயர்களிடம் மறைக்கப்படவில்லை. பேஸ்போல் ஆட்டத்தைக் கண்டு களிக்கத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை விரும்பிய அச்சிறுவனுக்கு உதவுமாறு நேயர்களிடம் கோரப்பட்டது. வந்து குவிந்த பணம் இரண்டு இலட்சம் டொலரையும் தாண்டியது. 'ஜிம்மி நிதியம்' இவ்வாறே வளர்ந்தது. அச்சிறுவன் இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1998இல், பாரவண்டிச் சாரதியாக வாழ்ந்து பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட ஒரு முதியவராக அவர் வெளிப்பட்டார். 2001ஆம் ஆண்டு வரை அவர் வாழ்ந்திருந்தார்.

அமினோப்தெரின் மருந்துக்கு எமக்கு அண்மையான ஒரு தொடர்பும் உண்டு. அதனை உருவாக்கிய லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சிகளை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் பொஸ்ரன் நகரை அடைந்தவர். 'ஸ்பிரு' என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தோர் இருவரைப் பறிகொடுத்தவர். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் செயற்கையாகத் தயாரித்த போலிக் அமிலம் அந்நோய்க்கே மருந்தாயிற்று. அந்த அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களைத் தேடியபோது பிறந்ததுதான் அமினோப்தெரின். சகோதரரைக் காக்க முடியாத ஒருவரின் உழைப்பு முன்பின் அறியாத குழந்தைகளுக்குப் பயன்பட்டது. 1948இல் சுப்பாராவ் மறைந்தார். அவருடைய பெயரை அறிந்தோர் இன்றும் சிலரே.

நேர்த்திக்கடனும் நிதி திரட்டலும்

சைக்கிளோடினால் நோய் மாறுமா, அப்பணத்தை நேரே அனுப்பிவிடலாமே என்று வினவுவோர் உளர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை சென்றோரின் வழிவந்த எமக்கு இதன் விடை கடினமானதன்று. உடலை வருத்திச் செய்யும் செயலுக்கு உள்ளத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டு. அதனைக் காண்போரும் கை கொடுக்க முன்வருவர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருதல் வேண்டும். நேர்த்திக்கடன் வைப்பவர் தமக்கோ தம்மவர்க்கோ நலம் வேண்டுகின்றார். தாயின் நினைவாகச் சைக்கிளோடும் மகனுக்கோ அத்தாய் மீளப்போவதில்லை. பயன் முழுவதும் வேறொருவரின் தாய்க்கே.

இவ்விடத்தில் எம் நினைவுகூரல் முறையையும் சற்றுச் சிந்தித்தல் தகும். எம்மவர் தானத்திற் குறைந்தவரல்லர். அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் குறைவின்றி நடைபெறுகின்றன. கல்வெட்டு அச்சிடுகிறோம், பத்திரிகைகளில் நினைவஞ்சலி வெளியிடுகிறோம், ஊர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் உபயம் செய்கிறோம். அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் தாய் தந்தையரின் ஈமக்கிரியைக்குப் போக இயலாது போனவர்கள் எம்மில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இச்சடங்குகளே இறுதி ஆறுதல். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் எம் கல்வெட்டுகளில் இல்லாத சொல் ஒன்றுண்டு. அது நோயின் பெயர். 'சிலகாலம் சுகவீனமுற்றிருந்து' என்று எழுதுகிறோம். வீட்டில் 'அந்த வருத்தம்' என்று குரல் தாழ்த்துகிறோம். பெண்பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என்ற அச்சமும் இதற்கொரு காரணம். இம்மறைப்பினால் விளையும் கேடு சிறிதன்று. மார்பகம், சூலகம், பெருங்குடல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுட் சில குடும்ப வழியாகத் தொடரக்கூடியவை. தாய்க்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்று வைத்தியர் கேட்கும்போது, விடை தெரியாத மகள் உரிய காலத்தில் நடைபெற வேண்டிய பரிசோதனையை இழந்துவிடக்கூடும். மானத்தைக் காக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பது எவ்வகை அறிவு?

இரண்டாவது குறை கணக்குப் பற்றியது. 'சேர்த்த காசு எங்கே போயிற்று?' என்ற கேள்வி எம்மிடையே புதியதன்று. அதற்கு விடை கிடைக்காத ஒவ்வொரு முறையும், அடுத்து வரும் நேர்மையான முயற்சியின் கதவும் அடைபடுகின்றது. பொஸ்ரன் மக்கள் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கொடுப்பதற்குத் துயரம் காரணமாயின், நம்பிக்கையும் அதற்கு நிகரான காரணமாகும்.

தெல்லிப்பழையில் எழுந்த கட்டடம்

இவையெல்லாம் செல்வம் மிக்க நாட்டில்தான் இயலும் என்பாரும் உண்டு. 2011இல், போர் முடிவுற்று ஈராண்டுகளே ஆகியிருந்த வேளையில், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைப்பயணம் இடம்பெற்றது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம். அதுவரை வடபகுதி நோயாளர் பலர் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அண்மையிலுள்ள மகரகமவுக்கு அலைய வேண்டியிருந்தது. அந்நடை எங்கள் அரசியற் கேள்விகள் எதனையும் தீர்த்துவிடவில்லை. ஆயினும் தெல்லிப்பழையிற் கட்டடம் எழுந்தது. அங்கே நோயாளர் சிகிச்சை பெறுகின்றனர்.

ஆகவே புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடவேண்டும் என்பதில்லை. கோடை விடுமுறையில் ஒரு நாள், இயன்ற தூரம், இறந்தவரின் பெயரால் இளையோருடன் சேர்ந்து ஓடலாம், நடக்கலாம். இரண்டு நிபந்தனைகளை மட்டும் கைக்கொண்டாற் போதும். நோயின் பெயரை வெளிப்படையாகக் கூறுதல் ஒன்று. சேர்ந்த தொகையையும் சென்ற இடத்தையும் சதக் கணக்காக இத்தகைய பத்திரிகைகளில் வெளியிடுதல் மற்றொன்று. நினைவஞ்சலிக்கு நாம் பெறும் இடத்தில் இரண்டு வரி அதற்குப் போதுமானது. 36 பேருடன் தொடங்கியது எங்கே சென்று நிற்கின்றது என்பதைக் கண்டோம். எம் ஊர்ச் சங்கம் ஒன்றின் ஆண்டுக்கூட்டத்துக்கே அதனிலும் கூடுதலானோர் வருகின்றனர்.