பெருந்தோட்டமும் மருந்தாளரும்: ஊவாவின் நீரிழிவு நோயாளர் பற்றிச் சில குறிப்புகள்

ஊவாத் தோட்டங்களில் மருந்து கொடுப்பவர் மருந்து மட்டும் கொடுப்பவராக இருந்ததில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் படிப்படியாக உருவான தோட்ட மருத்துவ முறையில், 'டாக்டர் ஐயா' எனத் தொழிலாளர் அழைத்த மருத்துவ உதவியாளர் நிர்வாகத்தின் ஊழியர். மருந்தைக் கலந்து கொடுத்தவரும் அவரே. ஒருவர் வேலைக்குப் போகலாமா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொழுக்கிப்புழுவும் முதன்மை நோய்களாயிருந்த காலத்தில் நிர்வாகத்துக்கு அம்முறை போதுமாயிருந்தது. ஒரு போத்தல் மருந்து; இரண்டு நாளில் மீண்டும் பெரட்டுக்களம்.

நீரிழிவு அத்தகைய நோயன்று. ஊவாவும் உள்ளிட்ட ஏழு மாகாணங்களில் 2005–2006இல் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. இது ஆயுள் முழுவதும் உணவோடும் உழைப்போடும் பின்னிக் கிடக்கும் நோய். மருத்துவர் சில நிமிடங்களில் துண்டெழுதி அனுப்பிவிடுகிறார். மாத்திரை கைக்கு வருமுன் நோயாளி நிற்கும் கடைசி இடம் மருந்தாளரின் யன்னலே.

அங்கே சொல்லப்பட வேண்டியது என்ன? கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு வெறுந்தேத்தண்ணீரோடு கொழுந்து பறிக்க மலையேறும் பெண்ணுக்கு, சற்று நேரத்தில் குருதியிலுள்ள சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம். கங்காணியின் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரியும். மெற்போமின் தனித்து இவ்வாறு செய்வது அரிது; ஆனால் வெறும் வயிற்றில் குடலைக் குழப்பும். குழப்பம் தாங்காமல் நோயாளி அதைச் சொல்லாமலே நிறுத்திவிடுவார். காகித உறையில் இரண்டுக்கும் 'உணவுடன்' என்றே எழுதப்படலாம், காரணங்களோ வேறு. காலையில் எத்தனை மணிக்கு என்ன உண்கிறார் என்று கேளாமல் அவ்வறிவுரைக்குப் பொருளில்லை. அவ்வுறை எம்மொழியில் எழுதப்படுகிறது என்பதும் சிறிய வினாவன்று. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. பதுளையின் மருந்து யன்னல்களில் அது எவ்வளவு பேசப்படுகிறது?

பேராசிரியர் சேனக பிபிலேயின் நினைவு இங்கே தவிர்க்கவியலாதது. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழி, வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை வழக்கில் நிறுத்த முயன்றவர் அவர். பன்னாட்டுக் கம்பனிகளின் இலாபத்துக்கு எதிரான போராட்டம் என்றே நாம் அதைப் பேசி வந்துள்ளோம். லயக் காம்பராவில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆஸ்பத்திரியில் வெள்ளை மாத்திரையும், 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தைப் போலக் கையிருப்பு முடிந்தபோது நகரத்துப் பாமசியில் வேறு பெயருடைய மாத்திரையும் பெற்றவர், இரண்டும் ஒரே மருந்து என அறியாது இரண்டையும் விழுங்கக்கூடும். பைகளைக் கொட்டிப் பார்த்து இதனைக் கண்டுபிடிக்கக்கூடியவர் மருந்தாளரே. வெறுங்காலோடு மலையில் நடப்பவர் காற்புண்ணுக்குக் களிம்பு கேட்டால், விற்றுவிடாமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டியவரும் அவரே.

அமெரிக்காவின் ஆஷ்வில் நகரசபை 1996இல் தன் ஊழியருள் நீரிழிவுடையோர் மருந்தாளரை ஒழுங்காகச் சந்திக்க ஏற்பாடு செய்து, அச்செலவையும் ஏற்றது. 2003இல் வெளிவந்த முடிவுகளின்படி சீனிக் கட்டுப்பாடு சீரடைந்தது. நோய் விடுப்பு நாட்களும் குறைந்தன. இது தருமமன்று, கணக்கு: அங்கே இழந்த நாளின் செலவு முதலாளியுடையது. தோட்டத்தில், நாட்சம்பளக்காரர் கிளினிக்குக்காகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நாளில் இழக்கப்படுவது அவருடைய பேர். விளக்கம் கேட்டு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் கடைசி பஸ்சும் போய்விடும்.

2020இன் ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபாலில் வீடு தேடி வந்தன. ஆகவே மருந்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது இயலாத காரியமன்று. தபாற்காரர் தருவது பொதியை மட்டுமே. மாதத்தில் ஒரு நாள், நிறுவை முடிந்த மாலையில், தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் அமர்வதற்கு எவர் சம்பளம் கொடுப்பது என்பதே அரசும் கம்பனிகளும் இதுவரை ஒன்றன்மேல் ஒன்று சுமத்தி வரும் வினா.