ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீன்

இலங்கையின் நக்கிள்ஸ் மலையில் பிறக்கும் களுகங்கை, பல்லேகம வழியாக இறங்கி அம்பன் கங்கையில் சேர்கிறது. அம்பன் கங்கை மகாவலியில் கலக்கிறது. மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே பயணிக்கும் மீன்களுக்கு இப்படிப்பட்ட ஆறுகளே பாதை. நம் விலாங்கு அப்படியொரு பயணி. கடலில் பிறந்து, நூல்போன்ற குஞ்சாக ஆறேறி, நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது.

இதையே தலைகீழாகச் செய்கிறது வட பசிபிக் கரைகளின் ஸ்டீல்ஹெட் என்னும் மீன். ஆங்கிலேயர் காலத்தில் நம் மலைநாட்டுக்கு வந்து ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தங்கிவிட்ட ரெயின்போ டிரவுட்டும், நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட டிரவுட்டும் இதே இனம்தான். ஆற்றிலேயே தங்கினால் ரெயின்போ டிரவுட். கடலுக்குப் போய் வந்தால் ஸ்டீல்ஹெட்.

தாய்மீன் வாலால் பரலைக் கிளறிக் குழிபறித்து முட்டையிடும். குஞ்சுகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆற்றில் வளரும். பிறகு உடல் வெள்ளிநிறமாகும். உப்பை வெளியேற்றும்படி செவுள்கள் மாறும். கடலில் கொழுத்தபின், பிறந்த ஓடையின் மணத்தை அறிந்து திரும்பும். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து மீண்டும் கடலுக்குப் போகும்.

இந்த மீனைத் தேடி, சாலை எட்டாத ஆறுகளுக்குத் தூண்டில்காரர்கள் சிறுவிமானத்திலும் ஹெலிகாப்டரிலும் போகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள டீன், சஸ்டட் ஆறுகள் இதற்குப் பேர்பெற்றவை. இறகும் மயிரும் சுற்றிய முள்ளே இரை. அதில் ஈயக்குண்டு இல்லை. கனத்த நூலே வீச்சுக்கு விசை தருகிறது. எதிர்முள் இல்லாத தூண்டிலையே அங்கே பயன்படுத்தலாம். காட்டு ஸ்டீல்ஹெட் சிக்கினால் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். பொரிப்பக மீன்களுக்கு முதுகின் பின்புறமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை நறுக்கியிருப்பார்கள். அது முழுதாக இருந்தால் காட்டு மீன் என்று கொள்வார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டி வந்ததற்கு அணைகளும் ஒரு காரணம். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் மீன்வழி இல்லாமல் கட்டிய கிராண்ட் கூலி அணை, மேலாற்றுக்கான பாதையையே அடைத்துவிட்டது. அதே நாட்டின் எல்வா ஆற்றில் நடந்தது வேறு. ஏறத்தாழ நூறாண்டு ஆற்றை மறித்து நின்ற இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினார்கள். ஸ்டீல்ஹெட் மேலாற்றுக்குத் திரும்பியது. அணைக்கு மேலே அடைபட்டு வாழ்ந்த ரெயின்போ டிரவுட்டின் வழித்தோன்றல்களும் கடலுக்குப் போய்வரத் தொடங்கின என்பதற்கு மரபணு ஆய்வுகள் சான்று தருகின்றன.

பல்லேகமவருகே இன்று களுகங்கையிலும் அணை நிற்கிறது. வறண்ட வயல்களுக்கு அந்த நீர் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் இனி எங்கே அணை கட்டினாலும், வாய்க்காலைத் திட்டமிடும்போதே மீன் ஏறி இறங்கும் வழியையும் திட்டமிட வேண்டும்.