நான்கு சக்கரமும் இழுத்தால் வழுக்காதா?

மழை விட்ட காலையில் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். செம்மண் சேற்றில் மாட்டிக்கொண்ட காரின் முன்சக்கரம் ஒன்று வெறுமனே சுழல்கிறது. சேறு நாலா பக்கமும் தெறிக்கிறது. கார் மட்டும் அசையவில்லை. சற்று நேரத்தில் தோட்டத்து ஹைலக்ஸ் வண்டி வந்து, அதே சேற்றில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போகிறது.

காரணம் எளிது. மைவி போன்ற கார்களில் எஞ்சினின் ஆற்றல் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. ஹைலக்ஸில் ஓட்டுநர் தேவைப்படும்போது அதை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பலாம்.

இந்த நான்கு சக்கர இயக்கத்தை ஒரு சின்னக் காரில் வைத்து, கூடவே மிக வலுவான எஞ்சினையும் பொருத்தினால் என்ன ஆகும்? அப்படி வந்த கார்தான் டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ். இது 2020 ஜனவரியில் வெளியிடப்பட்டது. 2021இல் மலேசியாவுக்கு வந்தபோது இதன் விலை ஏறக்குறைய 3 இலட்சம் ரிங்கிட். அன்று முதல் கார் பிரியர்கள் இதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எது சரி, எது பாதி சரி, எது ஆபத்தானது? உங்கள் இயற்பியல் பாடத்தை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

சின்ன உடல், பெரிய வலு

பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரை ஹேட்ச்பேக் என்பார்கள். ரவாங், சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையில் தயாராகும் மைவியும் ஒரு ஹேட்ச்பேக்தான். 1.5 லிட்டர் மைவியின் எஞ்சின் ஏறக்குறைய 100 குதிரைத்திறன் தரும். ஜிஆர் யாரிஸின் எஞ்சின் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது: 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர்கள். ஆனால் மலேசியாவுக்கு வந்த முதல் வடிவம் 261 குதிரைத்திறன் தந்தது.

“மூன்று சிலிண்டரில் இவ்வளவு வலுவா?” என்று முதலில் பலர் முகம் சுளித்தார்கள். இதற்கு விடை டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றுகிறது. அதனோடு இணைந்த இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகமானால் அதிகப் பெட்ரோலை எரிக்க முடியும். ஆகவே சிலிண்டர் எத்தனை என்பதை மட்டும் வைத்து வலுவைச் சொல்ல முடியாது.

எடையையும் குறைத்திருக்கிறார்கள். கூரை கார்பன் இழையால் ஆனது. முன்மூடியும் கதவுகளும் அலுமினியம். காரின் நிறை சுமார் 1,280 கிலோகிராம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5.5 விநாடி போதும் என்கிறது தயாரிப்பு நிறுவனம்.

பந்தயத்தில் பிறந்த யோசனை

வேகமான காருக்கு நான்கு சக்கர இயக்கம் எதற்கு? ராலி பந்தயத்தைக் கேட்டால் தெரியும். வழவழப்பான பந்தயத் தடத்தில் அல்லாமல் மண், சரளை, பனி, தார் என எல்லா வகைச் சாலைகளிலும் ஓடுவது ராலி. 1980இல் ஜெர்மனியின் அவுடி நிறுவனம் குவாத்ரோ என்னும் நான்கு சக்கர இயக்கக் காரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு உலக ராலியில் அது இறங்கியதும் ஆட்டமே மாறியது. இரு சக்கர இயக்கக் கார் ஒன்று தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது 1983இல்தான் கடைசி. பிறகு லான்சியா டெல்டா என்ற நான்கு சக்கர இயக்க ஹேட்ச்பேக், 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை அந்தப் பட்டத்தைத் தட்டிச் சென்றது. ஜிஆர் யாரிஸ் இந்த வம்சத்தில் வந்ததுதான்.

மலேசியாவுக்கும் இதில் பங்கு உண்டு. நம் நாட்டின் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டோன் பெர்ட் என்ற நான்கு சக்கர இயக்கக் காரில் 2002ஆம் ஆண்டின் உலகத் தயாரிப்புக் கார் ராலி பட்டத்தை வென்றார். 2011இல் புரோட்டோன் சாத்ரியா நியோ ஹேட்ச்பேக்கின் நான்கு சக்கர இயக்கப் பந்தய வடிவம் ஆசிய பசிபிக் ராலியில் வாகை சூடியது. அந்தத் தொடரின் மலேசியச் சுற்று ஜொகூர் செம்பனைத் தோட்டச் சாலைகளில் நடந்தது. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியது கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அங்கே கிடக்கும் அதே வகை மண்பாதையில்தான் உலகத்தரக் கார்கள் சோதிக்கப்பட்டன என்று நினைத்துப் பாருங்கள்.

உள்ளங்கை அளவு ஒட்டுதல்

இனி இயற்பியலுக்கு வருவோம். காரை முன்னே தள்ளுவது எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கடைசித் தள்ளலைத் தருவது சாலை. டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ள, சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தத் தள்ளலுக்குப் பாலமாக இருப்பது உராய்வு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான்.

உராய்வு தரக்கூடிய உச்ச விசை இரண்டைப் பொறுத்தது. ஒன்று, டயரின் மேல் விழும் எடை. இன்னொன்று, டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைக் குறிக்கும் உராய்வுக் கெழு. இரண்டையும் பெருக்கினால் உச்ச விசை கிடைக்கும். எஞ்சின் அதற்கு மேல் திருகினால் சக்கரம் வெறுமனே சுழலும்.

முன்சக்கர இயக்கக் காரில் எடையின் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் இருக்கும். மீதி 40 விழுக்காடு பின்சக்கரங்களை அழுத்துகிறது. ஆனால் அவை இழுப்பதில்லை. அந்தப் பிடிப்பு கிளம்பும்போது பயன்படாமல் போகிறது. நான்கு சக்கர இயக்கம் அதையும் வேலைக்கு அழைக்கிறது.

எல்லா நேரமும் நான்கையும் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. வளைவில் ஒவ்வொரு சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகிறது. ஹைலக்ஸ் போன்ற வண்டியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகப் பூட்டப்படுவதால், காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேய்ந்துபோகும். அதனால்தான் தார்ச்சாலை வந்ததும் ஓட்டுநர் அதை இரு சக்கர நிலைக்கு மாற்றிவிடுகிறார். ஜிஆர் யாரிஸில் இந்த வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் தகடுகள் செய்கின்றன. தகடுகள் இறுக இறுகப் பின்சக்கரங்களுக்கு அதிக விசை போகும். முதல் வடிவத்தில் ஓட்டுநர் மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: முன்னும் பின்னும் 60:40, 50:50, 30:70.

பிரியர்களின் கருத்தும் நம் கணக்கும்

முதல் கருத்து: “நான்கு சக்கரமும் இழுத்தால் ஈரத்திலும் பறக்கும்.” இது சரி. கணக்கைப் பாருங்கள். ஈரமான சாலையில் உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. நான்கு சக்கரமும் இழுத்தால் உச்ச முடுக்கம் 0.5 × 9.8 = 4.9 மீ/வி². அதே காரில் முன்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் அதில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 2.9 மீ/வி². மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். முதல் கார் அந்த வேகத்தை 3.4 விநாடியில் எட்டும், இரண்டாவதற்கு 5.7 விநாடி வேண்டும்.

இரண்டாம் கருத்து: “உட்கார வசதியில்லை, விலையோ மிக அதிகம்.” இதுவும் உண்மைதான். பின்னிருக்கை குறுகல், சாமான் வைக்கும் இடமும் சிறிது. ஓட்டுநர் இருக்கை உயரமாக இருக்கிறது என்ற குறையையும் பலர் சொன்னார்கள். 2024இல் வந்த புதிய வடிவத்தில் இருக்கையை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். பயனர் குறை சொன்னால் பொறியியலாளர் காது கொடுக்கிறார் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 

மூன்றாம் கருத்து: “கியரைக் கையால் மாற்றினால்தான் இன்பம்.” முதல் வடிவத்தில் கையால் மாற்றும் 6 கியர் மட்டுமே இருந்தது. 2024 வடிவத்தில் 8 கியர் கொண்ட தானியங்கி வகையும் சேர்ந்தது. எது வேகம் என்பதைக் கடிகாரத்தால் அளக்கலாம். எது இன்பம் என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. இங்கே இயற்பியலுக்கு வேலையில்லை.

நான்காம் கருத்து: “நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் மழையில் பாதுகாப்பு.” மாணவர்களே, இங்கேதான் கவனமாக நிற்க வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது என்ன நடக்கிறது? மைவியாக இருந்தாலும் ஜிஆர் யாரிஸாக இருந்தாலும், பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. நான்கு டயர்களின் பிடிப்பையும் எல்லாக் கார்களும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. நிறுத்தும்போது நான்கு சக்கர இயக்கம் கூடுதலாகக் கொடுக்க எதுவுமில்லை.

நிற்கும் தூரத்துக்குச் சூத்திரம்: வேகத்தின் வர்க்கத்தை, இரு மடங்கு உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். அதே ஈரச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க 28 மீட்டர் தேவை. 90 கிலோமீட்டரில் வந்தால் 64 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தூரமோ இரண்டேகால் மடங்காகிவிட்டது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் இன்னும் 25 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் ஏறக்குறைய 89 மீட்டர். இந்தச் சூத்திரத்தில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. 

வளைவிலும் அப்படியே. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், கெழு 0.8 உள்ள காய்ந்த சாலையானால் மணிக்கு சுமார் 71 கிலோமீட்டர் வரை தாங்கும். ஈரத்தில் கெழு 0.5 ஆகும்போது அது 56 கிலோமீட்டராகக் குறைகிறது. அதைத் தாண்டி வளைவுக்குள் நுழைந்தால் எந்தக் காரும் வெளிப்பக்கம் சறுக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரணக் கார் ஈரச் சாலையில் வேகமாகக் கிளம்பினால் முன்சக்கரம் வழுக்கும். “சாலை சரியில்லை, மெதுவாகப் போ” என்று அது ஓட்டுநருக்குச் சொல்கிறது. நான்கு சக்கர இயக்கக் கார் வழுக்காமல் கிளம்பிவிடுவதால் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஓட்டுநர் சாலை நன்றாக இருப்பதாக நம்பி வேகத்தைக் கூட்டுகிறார். பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

நம் பக்கத்துச் சாலைகளில்

கோலசிலாங்கூர் வட்டாரச் சாலைகளில் இந்தக் கணக்கு அன்றாட விஷயம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது, சக்கரங்களில் ஒட்டிய செம்மண்ணைத் தார்ச்சாலையில் விட்டுச் செல்கின்றன. தூறல் விழுந்ததும் அந்தச் சந்திப்பு சோப்பு பூசியதுபோல ஆகிவிடும். அங்கே கெழு 0.3 என்று வைத்தால், 60 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 47 மீட்டர் வேண்டும்.

வட சிலாங்கூரில் ராஜா மூசா போன்ற கரிச்சதுப்புக் காடுகளும் இருக்கின்றன. இத்தகைய மென்மையான நிலத்தின் மேல் போட்ட சாலை, நிலம் அமுங்க அமுங்க அலைபோல மேடு பள்ளமாகிறது. மேட்டின் உச்சியை வேகமாகக் கடக்கும் கணத்தில் டயரின் மேல் விழும் எடை குறைகிறது. எடை குறைந்தால் பிடிப்பும் குறையும். ராலி ஓட்டுநர்கள் மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுவது இதனால்தான்.

தேங்கிய நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வேகத்தைவிடக் கார் வேகமாகப் போனால், டயர் நீரின் மேல் மிதக்கும். அகலமான டயரும் இலேசான உடலும் உள்ள காரில் இது எளிதாக நிகழும். ஜிஆர் யாரிஸ் அப்படிப்பட்டதுதான். மழையில் உண்மையான காவலன் தேயாத டயர். தேய்ந்த டயர் மாட்டிய 3 இலட்சம் ரிங்கிட் காரைவிட, நல்ல டயர் மாட்டிய பழைய மைவி விரைவில் நின்றுவிடும்.

நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் எடுக்கலாம். உங்களில் பலருக்கு அந்த வயது தொலைவில் இல்லை. சாலையைக் கடப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். மழையில் தூரத்தில் வரும் காரைப் பார்த்து, “விலையுயர்ந்த வண்டி, நின்றுவிடும்” என்று எண்ணிக் காலெடுத்து வைக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பலகை, ஒரு பள்ளிக் காலணி, ஓர் அளவுகோல் போதும். காலணியைப் பலகையின் மேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். காலணி சறுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். உயர்ந்த முனையின் உயரத்தை, அதற்கு நேர் கீழே தரையிலிருந்து மறுமுனை வரை உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உராய்வுக் கெழு. பிறகு பலகையை நனைத்துச் செய்யுங்கள். அதன்பின் கொஞ்சம் செம்மண் சேறு பூசிச் செய்யுங்கள். மூன்று எண்களையும் எழுதி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரத்தை மேலே சொன்ன சூத்திரத்தில் கணக்கிடுங்கள். காலணிக்குள் ஒரு கல்லை வைத்து எடையைக் கூட்டினால் கெழு மாறுகிறதா என்பதையும் பாருங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.