கூட்டம் வருவது வேறு, கடை நிலைப்பது வேறு

புதுக்கடை திறப்பவர்கள் பிரபலமான ஒருவரை அழைத்து ரிப்பன் வெட்டச் சொல்வது வழக்கம். அன்றைக்குத் தெருவெல்லாம் கூட்டம் நிற்கும். அடுத்த மாதம் எத்தனை பேர் படியேறுகிறார்கள் என்பதில்தான் கடைக்காரரின் பிழைப்பு இருக்கிறது. இதே சோதனையைக் கோடிக்கணக்கில் பணம் போட்டுச் செய்து பார்த்த தொழில் ஒன்று உண்டு. அது கால்பந்து.

தம் நாட்டில் ஆடிப் புகழ் பெற்று ஓய்வை நெருங்கிய ஆட்டக்காரரை, அந்த ஆட்டம் இன்னும் வேரூன்றாத வேறொரு நாட்டார் பெரும் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்வார்கள். 1975-இல் பிரேசில் நாட்டின் பெலே அமெரிக்கா போனார். 1991-இல் அதே நாட்டின் ஜிகோ ஜப்பான் போனார். 2007-இல் இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் அமெரிக்கா போனார். மூன்று இடத்திலும் கூட்டம் வந்தது. ஆனால் முடிவு மூன்று விதமாக இருந்தது. காரணத்தை ஆராய்ந்தால் வியாபாரிகளாகிய நமக்குப் பயன் உண்டு.

ஜாமீன் கையெழுத்து

பெலே 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணிகளில் இருந்தவர். 1956 முதல் சான்டோஸ் என்ற ஒரே குழுவில் ஆடி, 1974 அக்டோபரில் அதிலிருந்து விடைபெற்றார். மீண்டும் மைதானத்தில் இறங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவரை 34 வயதில் மறுபடி காலணி கட்ட வைத்தது கடன்.

1960-களிலேயே கட்டுமானப் பொருள் வியாபாரம் ஒன்றில் பணம் போட்டு, நிர்வாகத்தைப் பிறரிடம் விட்டு, பெருந்தொகையை இழந்தவர் அவர். பின்னர் வேறொரு கம்பெனியில் சிறு பங்கு மட்டும் வைத்திருந்தார். ஆனால் அந்தக் கம்பெனி வங்கியில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனியால் கடனைக் கட்ட முடியவில்லை. பங்கு சிறியது, பொறுப்போ முழுவதும் அவர் தலையில் விழுந்தது. உலகமே அறிந்த மனிதருக்கும் வங்கி விதி ஒன்றுதான். வியாபாரத்தில் இருக்கும் நாம் ஜாமீன் பத்திரத்தில் பேனா வைக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்த நேரத்தில்தான் நியூயார்க் காஸ்மாஸ் குழுவின் அழைப்பு வந்தது. அதன் முதலாளி, சினிமாவும் இசைத்தட்டும் நடத்திய வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம். 1975 ஜூன் 10-ஆம் தேதி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு லட்சக்கணக்கான டாலர். தொகையை ஒரே சம்பளமாகக் காட்டாமல், ஆடுவதற்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று, பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஒன்று எனப் பல ஒப்பந்தங்களாகப் பிரித்து எழுதினார்கள். பெலேயின் காலை மட்டும் வாங்கவில்லை, பெயரையும் சேர்த்தே வாங்கினார்கள்.

பச்சை வர்ணம் அடித்த மைதானம்

ஒப்பந்தம் அறிவித்த ஐந்தாம் நாள், ஜூன் 15-இல், ரான்டால்ஸ் தீவு மைதானத்தில் டல்லாஸ் குழுவுடன் முதல் ஆட்டம். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பு. மைதானத்திலோ பல இடங்களில் புல்லே இல்லை. திரையில் பசுமையாகத் தெரிய வேண்டுமென்று வெறும் மண்ணுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். ஆட்டம் முடிந்து தம் பாதத்தைப் பார்த்த பெலே, ஏதோ தோல் நோய் தொற்றிவிட்டது என்று பயந்தாராம். ஆட்டம் 2-2 என முடிந்தது. பெலே ஒரு கோல் போட்டார்.

அதன் பிறகு வந்த கூட்டம் சாதாரணமானதல்ல. 1974-இல் காஸ்மாஸின் உள்ளூர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3,500 பேர் வந்தார்கள். 1975-இல் அது 10,000-ஐத் தாண்டியது. 1976-இல் 18,000. 1977-இல் 34,000. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டார்கள். அதே மாதம் காஸ்மாஸ் லீக் கோப்பையையும் வென்றது.

அந்த ஆண்டு செப்டம்பர் 24-இல் காஸ்மாஸ் குழு கல்கத்தாவுக்கும் வந்தது. ஈடன் கார்டனில் மோகன் பகானுடன் ஆடிய அந்த ஆட்டமும் 2-2 தான். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1-ஆம் தேதி, கொட்டும் மழையில் பெலே தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். தம் பழைய குழுவான சான்டோஸுக்கு எதிரான ஆட்டம் அது. முதல் பாதியில் காஸ்மாஸ் சட்டை, இரண்டாம் பாதியில் சான்டோஸ் சட்டை.

பெலேயைப் பொறுத்தவரை கணக்கு நேர். வாங்கிய பணத்துக்கு உழைத்தார், சொன்னதைச் செய்தார், கடன் தொல்லையிலிருந்து மீண்டார். அழைத்தவர்களின் கதை அப்படி முடியவில்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் செய்தது

காஸ்மாஸின் கூட்டத்தைக் கண்டதும் மற்ற ஊர்க் குழு முதலாளிகளுக்குக் கை பரபரத்தது. நமக்கும் ஒரு பெலே வேண்டும் என்று ஐரோப்பாவுக்கு ஓடினார்கள். வட அயர்லாந்தின் ஜார்ஜ் பெஸ்ட், ஜெர்மனியின் கெர்ட் முல்லர், ஹாலந்தின் யோஹன் கிரைஃப் என்று ஓய்வு நெருங்கிய பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. காஸ்மாஸும் ஜெர்மனியின் பெக்கன்பவரை அழைத்துக்கொண்டது. 1977-இல் 18 குழுக்கள் இருந்த லீக், 1978-இல் ஒரே தாவலில் 24 ஆனது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். காஸ்மாஸுக்குப் பின்னால் வார்னர் என்ற பெரும் பெட்டி இருந்தது, நியூயார்க் என்ற மாநகரம் இருந்தது. சிறிய ஊர்க் குழுவுக்குச் சம்பளச் செலவு மட்டும் நியூயார்க் அளவு, வசூல் தன் ஊர் அளவு. டிக்கெட் பணத்துக்கு மேல் தொலைக்காட்சிப் பணம் வரும் என்று நம்பியிருந்தார்கள். 1979-இல் ஏபிசி தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது. பார்ப்பவர்கள் குறைவு என்று 1980-க்குப் பின் விட்டுவிட்டது.

நஷ்டம் தாங்காத குழுக்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. 1980-இல் 24 குழுக்கள். 1982-இல் 14. 1984-இல் 9. பெரிய பெட்டி வைத்திருந்தவரும் தப்பவில்லை. வார்னருக்குச் சொந்தமான அடாரி என்ற வீடியோ விளையாட்டுக் கம்பெனி 1983-இல் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. அதை அடைக்கத் திணறிய நிறுவனம் கால்பந்துக்குப் பணம் ஊற்றுவதை நிறுத்தியது. 1985-இல் லீக்கே இல்லாமல் போனது. பெலே விடைபெற்று எட்டு ஆண்டுகூட ஆகவில்லை.

இதில் பெலேயின் குறை ஒன்றுமில்லை. அவர் வாசலுக்கு ஆளைக் கொண்டுவந்தார். உள்ளே வந்தவர் மறுபடி வருவதற்கான சரக்கை வைத்திருக்க வேண்டியது கடைக்காரரின் வேலை. உள்ளூர் இளைஞரைப் பழக்குவதும், ஊர்க்காரருக்கு இது நம் குழு என்ற எண்ணம் வளர்வதும் காலம் பிடிக்கும் வேலைகள். அவற்றுக்கு முன் செலவு ஓடிவிட்டது.

ஜப்பானில் ஒரு சிற்றூர்

ஜிகோவின் கதை வேறு மாதிரி. 1991-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் டோக்கியோ போன்ற மாநகரம் அல்ல. காஷிமா என்ற சிறிய தொழில் ஊர். சுமிடோமோ என்ற எஃகுக் கம்பெனியின் குழு அது. இரண்டாம் தர லீக்கில் இருந்தது. ஆட்டக்காரர்களில் பலர் கம்பெனி வேலையையும் பார்த்துக்கொண்டே பந்து விளையாடியவர்கள். ஜிகோவுக்கு அப்போது 38 வயது. அதற்கு முன் பிரேசில் அரசில் விளையாட்டுத் துறைப் பொறுப்பையும் வகித்திருந்தார்.

1993-இல் தொடங்கவிருந்த ஜே லீக்கில் சேரக் காஷிமா விண்ணப்பித்தபோது, நடத்துபவர்களுக்கு நம்பிக்கையே இல்லை. 15,000 பேர் அமரக்கூடிய, கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுப்பதற்காகச் சொன்ன பேச்சு அது. ஊரும் கம்பெனியும் சேர்ந்து மைதானத்தைக் கட்டிவிட்டன. 1993 மே 16-ஆம் தேதி முதல் லீக் ஆட்டத்தில் காஷிமா ஆன்ட்லர்ஸ் 5-0 என்று நகோயாவை வென்றது. ஜிகோ மட்டும் மூன்று கோல்.

ஆனால் காஷிமாவில் அவர் செய்த பெரிய வேலை கோல் போட்டதல்ல. பயிற்சி மைதானத்தின் புல், உடை மாற்றும் அறையின் ஒழுங்கு, காலணியைப் பராமரிக்கும் விதம், நேரத்துக்கு வருவது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று பேசுவது என்று தொழில்முறை ஆட்டக்காரனின் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். 1994-இல் அவர் ஆடுவதை நிறுத்திய பின்பும் பழக்கங்கள் நின்றன. 1996-இல் காஷிமா முதன்முதலாக லீக் பட்டம் வென்றது. 2016 முடிய எட்டு முறை வென்றுவிட்டது. மைதானத்தின் முன் ஜிகோவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

அன்று தோற்ற நகோயாவிலும் ஒரு பெரிய பெயர் இருந்தது. இங்கிலாந்தின் கேரி லினேகர். கால்விரல் காயத்தால் இரண்டு பருவங்களில் 18 லீக் ஆட்டங்களே ஆட முடிந்தது. கோல் நான்கு. வயதான நட்சத்திரத்தை அழைப்பதில் இந்த அபாயம் எப்போதும் உண்டு.

ஜே லீக்குக்கும் சரிவு வந்தது. 1994-இல் ஆட்டத்துக்குச் சராசரி 19,000-க்கு மேல் இருந்த கூட்டம் 1997-இல் ஏறக்குறைய 10,000-க்கு இறங்கியது. அமெரிக்க லீக்கைப் போல் அது கலைந்துவிடவில்லை. குழுவின் பெயரில் கம்பெனியை விட ஊர் முன்னே நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே வகுத்திருந்தார்கள். பத்துக் குழுக்களுடன் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டினார்கள். 2013 பருவம் முதல் குழுக்களின் கணக்கைச் சோதித்து உரிமம் தரும் முறையும் வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் காட்டினால் உரிமம் இல்லை என்பது அப்போது வகுத்த விதி. 2024-இல் மூன்று பிரிவுகளில் 60 குழுக்கள் ஆடின.

சம்பளத்தோடு பங்கு

அமெரிக்கர்களும் பட்டுத் தெளிந்தார்கள். 1996-இல் தொடங்கிய புதிய லீக், குழுக்களின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. பெக்காமை அழைக்க 2007-இல் அந்த வரம்புக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். விதிவிலக்கும் எல்லைக்கு உட்பட்டதே. ஒரு குழுவில் சில பேருக்கு மட்டும்தான் அப்படிக் கொடுக்கலாம். பெரிய பெயரை வாங்கலாம், ஆனால் மொத்தக் கடையையும் அடகு வைக்க முடியாது.

பெக்காமும் விவரமானவர். சம்பளத்தோடு, பின்னாளில் லீக்கில் புதுக் குழு ஒன்றை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார். அதைப் பயன்படுத்தித் தொடங்கிய இன்டர் மயாமி குழு 2020-இல் ஆட வந்தது. 2023-இல் மெஸ்ஸி சேர்ந்ததும் அதே குழுவில்தான். அந்த ஆண்டு சான் டியேகோ நகரத்தார் புதுக் குழு சேர்க்கக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 50 கோடி டாலர் என்று செய்தி வந்தது. லீக் வளர்ந்தால் தமக்கும் ஆதாயம் என்ற நிலையில் இருப்பவர், ஆடி முடித்த பின்பும் லீக்கின் வளர்ச்சியில் அக்கறை காட்டுவார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பெரிய கம்பெனியின் ஏஜென்சி எடுப்பது, கடையைக் கண்ணாடிக் கதவு போட்டு மாற்றுவது, அடக்க விலைக்குக் கீழே ஒரு பொருளைக் கொடுத்து ஆளை இழுப்பது எல்லாமே நம் அளவில் நட்சத்திரத்தை அழைப்பது போன்றவைதான். செய்யக் கூடாது என்பதில்லை. செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இதற்காக வருகிறவர் வேறு எதை வாங்கப் போகிறார்? அந்தச் சரக்கு தரமாக, இருப்பில் இருக்கிறதா? இரண்டாவது, எதிர்க்கடைக்காரர் செய்கிறார் என்பதற்காகச் செய்கிறோமா, நம் வசூல் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறோமா? அவருக்குப் பின்னால் எந்தப் பெட்டி இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மூன்றாவது, இந்தக் கவர்ச்சி ஒருநாள் போய்விட்டால் கடையில் என்ன மிஞ்சும்? பையன்கள் நல்ல பழக்கம் கற்றிருப்பார்களா, வாடிக்கையாளர் நம் எடைக்கும் பேச்சுக்கும் பழகியிருப்பாரா, அல்லது நிலுவைப் பேரேடு மட்டும்தான் மிஞ்சுமா?

நியூயார்க்கில் கூட்டம் பெரிது. காஷிமாவில் கூட்டம் சிறிது. முதலாவது பதினான்கு ஆண்டுகளில் மூடிப் போனது. மற்றது முப்பது ஆண்டு கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. விளம்பரத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்தில், சரக்குக்கும் ஆட்களின் பழக்கத்துக்கும் எவ்வளவு ஒதுக்கினோம் என்று எழுதிப் பார்த்தால், நம் கடை எந்த வழியில் போகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும்.