தீனார்: ஒரு சொல், பல பெறுமதிகள்

தங்கத்துக்கான ஸகாத்தின் நிஸாப் 20 தீனார் என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. குவைத்தில் வேலை செய்பவருக்கும் சம்பளம் தீனாரில்தான் கிடைக்கிறது. அப்ப, 20 குவைத் தீனார் கையில் இருந்தால் ஸகாத் கடமையாகிவிடுமா? ஆகாது. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு.

இச்சொல்லின் பிறப்பிடம் அரபுலகம் அல்ல, ரோம். கி.மு. 211 அளவில் ரோமர் வெளியிட்ட வெள்ளி நாணயத்தின் பெயர் 'தெனாரியுஸ்'. பத்துச் செப்பு நாணயங்களுக்குச் சமமானது என்பதால் வந்த பெயர் அது. கிழக்கே கிரேக்கம், சிரியக் மொழிகளினூடாக அரபுக்கு வந்தபோது அது தங்க நாணயத்தைக் குறித்தது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபுகள் கையாண்ட தீனார், பைஸாந்தியப் பேரரசின் பொற்காசுதான்.

அல்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனம் அமானிதத்தைப் பற்றிப் பேசும்போது தீனாரைச் சொல்கிறது. பெரும் பொருட்குவியலுக்கு 'கின்தார்', சிறு தொகைக்கு 'தீனார்'. கின்தாரும் ரோமரின் 'நூறு' என்ற சொல்லடியாகப் பிறந்ததே.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, கலிமா பொறித்த தீனாரை வெளியிட்டார். அதன் நிறை ஏறத்தாழ 4.25 கிராம். ஃபிக்ஹில் தீனார் என்பது இந்த நிறையுள்ள தங்கம். திருட்டுக்குரிய தண்டனை பற்றிய ஹதீஸில் வரும் கால் தீனாரும் இப்படியே கணிக்கப்படும்.

இன்றோ குவைத், ஜோர்தான், பஹ்ரைன், ஈராக், தூனிசியா, அல்ஜீரியா, லிபியா நாடுகளின் காசுக்கும் இதே பெயர். முஸ்லிம் நாடல்லாத சேர்பியாவிலும் தீனார்தான். ஸ்பானிய மொழியில் 'தினேரோ' என்றால் பொதுவாகப் பணம். பிரித்தானியர் 1971 வரை பென்ஸைக் குறிக்க 'டீ' எழுத்தைப் போட்டதும் தெனாரியுஸை வைத்துத்தான். பெயர் ஒன்றானாலும் பெறுமதி ஒன்றல்ல: ஒரு குவைத் தீனாருக்கு மூன்று டொலருக்கும் கூடக் கிடைக்கும், ஒரு டொலர் வாங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈராக் தீனார் வேணும்.

ஆகவே கிதாபில் தீனாரைக் கண்டால் காசு மாற்றும் கடையின் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டாம், தராசைப் பாருங்கள். 20 தீனார் என்பது 85 கிராம் தங்கம். எட்டுக் கிராம் பவுண் கணக்கில் பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. அன்றைய தங்க விலையால் அதைப் பெருக்கினால் நிஸாபின் ரூபாப் பெறுமதி வரும். சொல்லப்போனால், நாம் நிறுக்கும் 'பவுணும்' ரோமரின் நிறைச்சொல் ஒன்றிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்ததுதான்.